கதவு மியூன்ஸ்டரில், அறை கொலோனில்: ஒரு ஜெர்மன் மாவட்டத் துப்பறியும் படத்தின் நிகழ்வு ஆய்வு

2017 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.15. ஜெர்மனியில் 1 கோடியே 45 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்தார்கள். அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். அது உலகக் கோப்பைப் பந்தாட்டம் அல்ல. திரையரங்கில் ஓடித் தேய்ந்த வெற்றிப் படமும் அல்ல. மூன்று லட்சம் பேர் வாழும் மியூன்ஸ்டர் என்ற ஊரில் நடப்பதாகச் சொல்லப்பட்ட, தொலைக்காட்சிக்காகவே எடுத்த 90 நிமிடத் துப்பறியும் படம். பெயர் 'ஃபாங்ஷுஸ்'. அடிபட்டு விழுந்த விலங்கின் உயிரை முடிக்க வேட்டைக்காரர் சுடும் கடைசிக் குண்டுக்கு ஜெர்மனில் அந்தப் பெயர்.

பெர்லினும் ஹாம்பர்க்கும் மியூனிக்கும் இருக்க, தலைநகரின் பரபரப்பு இல்லாத ஓர் ஊரின் கதைக்கு இத்தனை கூட்டம் ஏன்? ஊர் அழகாக இருக்கிறது, இரண்டு நடிகர்கள் நன்றாகச் சண்டை போடுகிறார்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் பாதிதான். இந்தப் படங்கள் ஊரைக் கட்டடங்களால் கட்டவில்லை; யாருக்கு யாரைத் தெரியும் என்பதால் கட்டுகின்றன. படப்பிடிப்பின் பெரும்பகுதி அந்த ஊரிலேயே நடப்பதில்லை என்பதும், அப்படியும் ஊர் திரையில் நிற்கிறது என்பதும் அதற்குச் சான்று.

பெயரிலேயே இடம்

'டாட்டோர்ட்' என்றால் குற்றம் நடந்த இடம். 'ஃபாங்ஷுஸ்' இடம்பெற்ற தொடரின் பெயரே அதுதான். 1969-இல் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி மியூனிக்கை வைத்து ஒரு போலீஸ் தொடரைத் தொடங்கி வெற்றி பெற்றபோது, போட்டி நிறுவனமான ஏ.ஆர்.டி.க்குப் பதில் ஒன்று தேவைப்பட்டது. ஏ.ஆர்.டி. என்பது ஒரே நிறுவனம் அல்ல, மாநில ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு. வடக்கே ஹாம்பர்க், தெற்கே பவேரியா, மேற்கே கொலோன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி பட்ஜெட், தனி பெருமை. கொலோனின் டபிள்யூ.டி.ஆர். நிறுவனத்தில் கதைப் பிரிவில் இருந்த குந்தர் விட்டெ இப்படிப் பிரிந்து கிடப்பதையே பலமாக்கினார்: ஒவ்வொரு நிறுவனமும் தன் மண்ணில் ஒரு துப்பறிவாளரை உருவாக்கட்டும், ஞாயிறுதோறும் முறை வைத்து ஒளிபரப்புவோம். 1970 நவம்பர் 29 அன்று முதல் படம் வந்தது. இன்று ஆண்டுக்கு 35 படங்கள் வரை புதிதாக வருகின்றன. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் தங்கள் பங்குக்குத் தருகின்றன.

ஆகவே, ஜெர்மன் குற்றப்படத்தின் வட்டாரத்தன்மை ஏதோ ஓர் இயக்குநரின் ரசனையிலிருந்து வந்ததல்ல. பணம் வரும் வழியிலிருந்து வந்தது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் 2021-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதைக் கட்டும் ஒவ்வொரு மாநிலத்தவரும் தங்கள் ஊரைத் திரையில் எதிர்பார்க்கிறார்கள். பொது ஒளிபரப்பில் இரவு 8 மணிக்குப் பிறகு விளம்பரமும் கிடையாது. அதனால் கதை 8.15-க்குத் தொடங்கி 9.45-க்கு முடியும்வரை இடைவெளியே இல்லை. திரைக்கதையின் மூச்சை இது நேரடியாகத் தீர்மானிக்கிறது: விளம்பரத்துக்கு முன் ஒரு அதிர்ச்சி வைக்க வேண்டிய கட்டாயம் எழுதுபவருக்கு இல்லை.

ஏன் மியூன்ஸ்டர்

மியூன்ஸ்டர் பழைய கத்தோலிக்க ஆயர் நகரம். நிர்வாக அலுவலகங்கள் நிறைந்தது. சுமார் 45,000 மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகம், 18-ஆம் நூற்றாண்டின் ஆயர் அரண்மனையில் தலைமையகம் வைத்திருக்கிறது. ஊரைச் சுற்றிச் சமவெளி. நீர் அகழி சூழ்ந்த பழைய மாளிகைகள், குதிரைப் பண்ணைகள், பன்றிப் பண்ணைகள். மக்கள்தொகையை விட சைக்கிள் அதிகம் என்று நகரமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. உள்ளூர்க் குழூஉக்குறி மொழியில் சைக்கிளுக்கு 'லேட்ஸெ' என்று தனிச் சொல்லே உண்டு. மதில் இடித்த இடத்தில் ஊரைச் சுற்றி 4.5 கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஓடுகிறது.

நடுவில் பிரின்ஸிபால்மார்க்ட் கடைத்தெரு. முக்கோண முகப்பு வீடுகளும் கீழே வளைவு நடைபாதையும் கொண்டது. பழமையாகத் தெரிந்தாலும் இரண்டாம் உலகப்போரில் நொறுங்கி, பின்னர் பழைய வடிவிலேயே திரும்பக் கட்டப்பட்டது. அதன் முனையில் லம்பெர்ட்டி தேவாலயம். கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் இன்னும் தொங்குகின்றன. 1536-இல் மறுஞானஸ்நான (வயது வந்தபின்தான் ஞானஸ்நானம் என்ற கிறிஸ்தவப் பிரிவின்) கிளர்ச்சித் தலைவர்கள் மூவரைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை ஊர் பார்க்க அந்தக் கூண்டுகளில் வைத்துத் தொங்கவிட்டார்கள். அடக்கமும் ஒழுங்கும் நிறைந்த ஊர், தலைக்கு மேல் பழைய கொலையின் சாட்சி. குற்றப்படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல பின்னணியைச் செட் போட்டும் உருவாக்க முடியாது.

ஆனால் கதைக்கு உண்மையில் உதவுவது வேறொன்று. ஜெர்மனியில் தடயவியல் மருத்துவ நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவத்துறையோடு இணைந்தவை. மியூன்ஸ்டரில் அப்படி ஒன்று உண்டு. சுற்றியுள்ள கிராமப்புற மாவட்டங்களின் கொலை வழக்குகளும் மியூன்ஸ்டர் போலீஸ் தலைமையகத்துக்கு வருகின்றன. ஆக, நடுத்தர ஊரில் ஒரு தடயவியல் பேராசிரியரும் ஒரு கொலைப் பிரிவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது கற்பனை அல்ல. இன்னும் சிறிய ஊரை எடுத்திருந்தால், ஒவ்வொரு உடலுக்கும் வேறு நகரத்திலிருந்து ஆள் வருவதைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவரும் ஒரு வாசல்

2002 அக்டோபர் 20 அன்று மியூன்ஸ்டரின் முதல் படம் ஒளிபரப்பானது. ஷ்டெஃபான் கான்ட்ஸ், யான் ஹின்டர் இருவரும் எழுதினார்கள். அவர்கள் போட்ட பாத்திர வரைபடம் இன்றுவரை அப்படியே நிற்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஃபிராங்க் தீல் (ஆக்ஸல் பிரால்) ஹாம்பர்க்கிலிருந்து வந்த துப்பறிவாளர். சைக்கிளில் போவார், ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலி கால்பந்து அணியின் ரசிகர், மியூன்ஸ்டரில் அவருக்கு வேர் இல்லை. அவருக்குத் தெரியாது என்பதால் ஊரை யாராவது அவருக்கு விளக்க வேண்டும். அந்த விளக்கம் பார்வையாளருக்கும் சேர்த்துத்தான்.

பேராசிரியர் கார்ல்-ஃபிரீட்ரிஷ் போர்னெ (யான் யோசெஃப் லீஃபர்ஸ்) நேர் எதிர். ஊரின் பணக்காரக் குடும்பங்கள், பேராசிரியர்கள், வேட்டைச் சங்கங்கள், இசைக் கச்சேரிகள் எல்லாம் அவருக்குச் சொந்த வட்டம். கொலையானவரோடு போன மாதம் விருந்துக்குப் போயிருப்பார். சந்தேகத்துக்குரியவர் அவருடைய பழைய வகுப்புத் தோழராக இருப்பார். அதோடு தீல் குடியிருப்பதே போர்னெயின் வீட்டில். அவர்தான் வீட்டுக்காரர், அடுத்த கதவு. கொலை வழக்கை அலுவலகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக இருவருக்கும் வழியில்லை. வசனமே இல்லாமல் 'சின்ன ஊர்' என்பதைச் சொல்லும் ஏற்பாடு இது.

தீலின் அப்பா ஹெர்பெர்ட் (கிளாவுஸ் கிளாவுஸ்னிட்சர்) டாக்சி ஓட்டுகிறார், கஞ்சா புகைக்கிறார், அறுபதுகளின் கலகக் குணம் மாறாதவர். மேல்தட்டு போர்னெக்குத் தெரிவதுபோல், இரவுத் தெருவும் அடித்தட்டும் இவருக்குத் தெரியும். அரசு வழக்கறிஞர் வில்ஹெல்மினெ க்ளெம் (மெஹ்டில்ட் குரோஸ்மான்) வழியாக நீதிமன்றமும் அரசியல் அழுத்தமும் உள்ளே வருகின்றன. பீனா பவுஷின் நடனக்குழுவில் நீண்ட காலம் இருந்த நடிகை அவர். அந்தக் கனத்த குரல் அறைக்குள் வந்தாலே காட்சியின் தரையே மாறிவிடும். போர்னெயின் உதவியாளர் சில்கெ ஹாலர் (கிறிஸ்டினெ உர்ஷ்ப்ருஹ்) ஆய்வகத்தின் நிதானம். போர்னெ அவரை 'ஆல்பெரிஷ்' என்று புராணக் குள்ளனின் பெயரால் கூப்பிடுகிறார். அவர் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பதிலடி இல்லாத படங்களில் போர்னெயின் பேச்சு வெறும் கொடுமையாகவே கேட்கும்.

வாசல்களை இப்படிப் பிரித்து வைத்ததால் கதை எழுதுபவருக்குப் பெரிய வசதி. கொலை எந்த அடுக்கில் நடந்தாலும், அங்கே முன்னமே ஆள் தெரிந்த ஒருவர் நிலையான குழுவில் இருக்கிறார். பெருநகரத் துப்பறியும் படத்தில் சந்தேக வட்டத்தைச் சுருக்கப் பாதி நேரம் போய்விடும். இங்கே வட்டம் தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது.

கதவும் அறையும்

மியூன்ஸ்டர் படங்களின் படப்பிடிப்பில் பெரும்பகுதி கொலோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடக்கிறது. மியூன்ஸ்டருக்குக் குழு வருவது ஒவ்வொரு படத்துக்கும் சில நாட்கள் மட்டுமே. தயாரிப்பு நிறுவனங்கள், ஒளிப்பதிவுக் கருவிகள், செட், தொழில்நுட்பக் கலைஞர்கள் எல்லாம் கொலோனில்தான். இரு ஊர்களுக்கும் சாலை வழி சுமார் 150 கிலோமீட்டர்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு: குழுவில் 45 பேர், விடுதி ஆளுக்கு இரவுக்கு 100 யூரோ, வரிச்சட்டம் அனுமதிக்கும் வெளியூர் உணவுப்படி முழு நாளுக்கு 28 யூரோ. ஒரு நாளுக்கு 5,760 யூரோ. படப்பிடிப்பு 22 நாள் என்றால் மொத்தமும் மியூன்ஸ்டரில் எடுக்க 1,26,720 யூரோ. ஐந்து நாள் மட்டும் என்றால் 28,800. வித்தியாசம் ஒரு லட்சம் யூரோவை நெருங்குகிறது. படத்தின் செலவு 15 லட்சம் யூரோ என்று வைத்தால் அதில் நூற்றுக்கு ஆறரை. தினம் போய் வரலாமே என்றால், ஒரு நாள் வேலை முடிந்ததற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் இடையே 11 மணி நேர ஓய்வைத் தொழிலாளர் நேரச் சட்டம் கட்டாயமாக்குகிறது. பயண நேரம் அதற்குள் அடங்காது.

ஆகவே எந்த ஐந்து நாள், எந்த இடங்கள் என்பதுதான் கேள்வி. பார்த்ததும் ஊரை அடையாளம் காட்டுபவை முதலில்: கடைத்தெரு, கூண்டுக் கோபுரம், ஆஸே ஏரி, அரண்மனை முன்வாசல், சைக்கிள் பாதை. அடுத்து, உள்ளே நுழையும் கதவுகள்.

இந்தக் கதவு வேலையை நெருக்கத்தில் பார்ப்போம். தீல் சைக்கிளில் வந்து இறங்குகிறார், சுவரோரம் சாய்த்துப் பூட்டுகிறார், நாலு எட்டு வைத்துக் கதவின் கைப்பிடியைப் பிடிக்கிறார், கதவு உள்நோக்கித் திறக்கிறது, கட். அடுத்த ஷாட் கூடத்துக்குள்ளிருந்து, அவர் உள்ளே வருகிறார். முதல் ஷாட் மியூன்ஸ்டர். இரண்டாவது கொலோனில், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கழித்து. இந்தத் தையல் தெரியாமல் இருக்க நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். கதவு திறக்கும் திசையும் கைப்பிடி இருக்கும் பக்கமும். வெளியே வெயில் இடப்பக்கம் என்றால், உள்ளே கதவிடுக்கில் விழும் வெளிச்சமும் அதே பக்கத்திலிருந்து. நடிகரின் உடை நிலை: மேல்சட்டையின் பொத்தான், தோள்பை எந்தத் தோளில், தரை ஈரமாக இருந்ததென்றால் காலணியும் ஈரமாக. கடைசியாக ஒலி. ஒலிப்பதிவாளர் மியூன்ஸ்டரில் யாரும் பேசாமல் ஒன்றிரண்டு நிமிடம் வெறும் சூழலைப் பதிவு செய்துகொள்வார். தொழிலில் இதற்கு 'ஆட்மோ' என்று பெயர். கருங்கல் பாவிய தெருவில் சைக்கிள் டயர் உருளும் சத்தம், மணியோசை, தூரத்துப் பேச்சு. கொலோனில் எடுத்த அறைக்குள் அதை மெல்லிதாகப் பரப்பினால் கதவுக்கு வெளியே மியூன்ஸ்டர் இருப்பதாகக் காது நம்பிவிடும். நான்கில் ஒலியே முக்கியமானது. கண் தவறவிடும் பிழையைக் காது பொறுப்பதில்லை.

தெருக்காட்சிகளையும் கொலோனில் எடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. முதலில் வண்டி எண். மியூன்ஸ்டர் வண்டிகள் 'எம்.எஸ்.' என்று தொடங்கும், கொலோன் வண்டிகள் 'கே.' என்று. நிறுத்தி வைத்த கார்கள் நிறைந்த கொலோன் தெருவில் எந்தப் பக்கம் கேமரா வைத்தாலும் 'கே.'தான். அதனால் தெருவையே காலி செய்ய வேண்டும். வண்டி நிறுத்தத் தடைப் பலகைகளை முன்கூட்டியே நட வேண்டும்: பலகை வைத்து மூன்று முழு நாட்கள் கடந்த பிறகே, நிற்கும் வண்டியை அதன் உரிமையாளர் செலவில் இழுத்துச் செல்ல முடியும் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. திங்கள் காலைப் படப்பிடிப்புக்கு வெள்ளிக்கிழமை பலகை நட்டால் போதாது. இடப் பொறுப்பாளர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். காலி செய்த தெருவில் 'எம்.எஸ்.' பலகை மாட்டிய சொந்த வண்டிகளை நிறுத்துவார்கள். கிராமத்துக் கதை என்றால் பக்கத்து மாவட்ட எழுத்துகளும் வேண்டும்: ஷ்டைன்ஃபுர்ட், கோஸ்ஃபெல்ட், வாரெண்டோர்ஃப்.

இரண்டாவது, தலைக்கு மேல் கம்பி. மியூன்ஸ்டரில் 1954-க்குப் பிறகு டிராம் கிடையாது. கொலோன் நகரெங்கும் டிராம் ஓடுகிறது. சட்டகத்தின் மேல் ஓரத்தில் ஒரு மின்கம்பி எட்டிப் பார்த்தால் போதும், மியூன்ஸ்டர்க்காரருக்குப் பொய் தெரிந்துவிடும். மூன்றாவது, நிலம். மியூன்ஸ்டரைச் சுற்றி வேலிப் புதர்களும் ஈரப் புல்வெளியும் கொண்ட சமவெளி. கொலோனுக்குக் கிழக்கே நிலம் மேடு பள்ளமாக ஏறிவிடும். பண்ணை வீட்டுக் கொலையில் பின்னணியில் ஒரு குன்று தெரிந்தால், அது எந்த ஊராக இருந்தாலும் மியூன்ஸ்டர்லாண்ட் அல்ல. நான்காவது, செங்கல்லின் நிறம். மியூன்ஸ்டர் குடியிருப்புகளில் கருஞ்சிவப்புச் சுட்ட செங்கல் அதிகம். பூசி வண்ணமடித்த கொலோன் வீட்டு வரிசை அதற்கு மாற்றாகாது.

தொண்ணூறு நிமிடம்

90 நிமிட நேரத்துக்குள் வரும் 88 நிமிடப் படத்தை 22 நாளில் எடுத்தால் நாளொன்றுக்குத் திரையில் நிற்கும் பகுதி 4 நிமிடம். திரையரங்குப் படக்குழு பெரும்பாலும் இதில் பாதிதான் எடுக்கும். அதனால் இந்தப் படங்களில் இருவர் நின்று பேசும் காட்சிகள் மிகுதி. துரத்தல் வந்தால் ஒன்று, அதுவும் குறுகியது. மியூன்ஸ்டர் குழு இந்த நெருக்கடியைச் சாதகமாக மாற்றிக்கொண்டது. பேச்சே சண்டைக்காட்சி ஆகிவிட்டது.

இத்தகைய படங்களின் பொதுவான நடை ஏறத்தாழ இப்படி: முதல் பத்து நிமிடத்துக்குள் உடல், இருபத்தைந்தாம் நிமிடத்துக்குள் சந்தேக வட்டம் முழுவதும் அறிமுகம், அறுபதைத் தாண்டி ஒரு தவறான தீர்வு, பெரும்பாலும் தவறான கைது, கடைசி எட்டுப் பத்து நிமிடத்தில் உண்மை. இதில் எழுத்தாளர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாம் கட்டத்தில். சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராகப் போய் விசாரித்தால் படம் கதவு தட்டும் வரிசையாகிவிடும். மியூன்ஸ்டர் முறையில் அவர்கள் எல்லாரும் ஒரே விருந்தில், ஒரே சவ அடக்கத்தில், ஒரே சங்கக் கூட்டத்தில் சேர்ந்து வருவார்கள். போர்னெக்கு அழைப்பு இருக்கும், தீலுக்கு இருக்காது. பத்து நிமிட அறிமுகம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

சட்டம் எங்கே வளைகிறது

தமிழில் இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வசன வரிகளை நம்பிப் பார்க்கிறார்கள். அங்கே சில சொற்கள் வழி தவற வைக்கும். ஜெர்மன் 'கோமிஸார்' நம் ஊர்க் கமிஷனர் அல்ல. அது களத்தில் இறங்கி விசாரிக்கும் துப்பறிவாளரின் பதவி; தீல் 'தலைமைக் கோமிஸார்', நமக்கு நெருக்கமான சொல் இன்ஸ்பெக்டர். போர்னெயைப் 'பதாலஜிஸ்ட்' என்று எழுதுவதும் பிழை. பதாலஜிஸ்ட் என்பவர் மருத்துவமனையில் நோயைக் கண்டறிய நோயாளிகளின் திசுவையும், நோயால் இறந்தவரின் உடலையும் பார்ப்பவர். வன்முறை மரணத்தைப் பார்ப்பவர் தடயவியல் மருத்துவர். ஜெர்மனியில் இவை இரண்டு தனித் துறைகள்.

'மோர்ட்' என்ற சொல்லும் அப்படியே. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தில் ஒருவரை வேண்டுமென்றே கொல்வது எல்லாம் 'மோர்ட்' ஆகாது. பேராசை, கீழ்த்தரமான நோக்கம், எதிர்பாராத நேரத்தில் வஞ்சகமாகத் தாக்குவது, கொடூரம், இன்னொரு குற்றத்தை மறைப்பது போன்ற அடையாளங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அப்போது ஆயுள் தண்டனை. இல்லையென்றால் அது 'டோட்ஷ்லாக்', தண்டனையும் வேறு. கடைசிப் பத்து நிமிடத்தில் குற்றவாளி ஏன் செய்தேன் என்று நீளமாகப் பேசுவது வெறும் நாடகப் பழக்கம் அல்ல. எந்தப் பிரிவு என்பதே அந்த நோக்கத்தில்தான் தொங்குகிறது. படங்கள் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவது ஒரு நல்ல வாய்ப்பை வீணடிப்பது.

பிரேதப் பரிசோதனைக்கு வருவோம். மரணம் இயற்கையா, இயற்கைக்கு மாறானதா, தெளிவில்லையா என்று முதலில் பார்க்கும் மருத்துவர் படிவத்தில் குறிக்க வேண்டும். பின்னிரண்டில் ஒன்று என்றால் போலீஸ் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்க வேண்டும். உடலைத் திறக்க உத்தரவிடுவது நீதிபதி. அவசரமென்றால் அரசு வழக்கறிஞர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும். இறந்தவருக்குக் கடைசி நோயில் சிகிச்சை அளித்தவர் அதில் இருக்கக் கூடாது. 89-ஆம் பிரிவுப்படி தலை, மார்பு, வயிறு மூன்றையும் திறந்தே ஆக வேண்டும், காரணம் மார்பில் கண்ணுக்கு முன் தெரிந்தாலும். போர்னெ இரவில் தனியாக நின்று, இசையை ஓடவிட்டு, காயத்தை மட்டும் பார்த்து நேரம் சொல்வது திரைக்கு அழகு. நீதிமன்றத்தில் அந்த அறிக்கை நிற்காது. அவர் தானாகவே போய் ஆட்களை விசாரிப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை, தடயவியல் மருத்துவருக்கு விசாரணை அதிகாரமே கிடையாது.

குழுவின் அளவும் சுருக்கம்தான். உண்மையான கொலை வழக்கில் ஒரு டஜன் பேரோ அதற்கு மேலோ கொண்ட தனிக் குழு அமைப்பார்கள். தடயம், சாட்சி, ஆவணம், தொலைபேசிப் பதிவு என்று பிரித்துக்கொள்வார்கள். திரையில் இரண்டு மூன்று பேர். இதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டு பேரை 88 நிமிடத்தில் யாரும் நினைவில் வைக்க முடியாது. கைது விஷயத்தில் மட்டும் படங்கள் நேர்மையாக இருக்கின்றன: பிடிபட்டவரை மறுநாள் முடிவதற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. க்ளெம் நேரத்தைச் சொல்லி தீலை விரட்டுவதற்குப் பின்னால் உண்மையான கெடு இருக்கிறது.

வசன வரியில் போகவே போகாதது ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துக் கதவில் வாழ்ந்தும் தீலும் போர்னெயும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையில்தான் அழைக்கிறார்கள். ஆங்கில வரிகளில் இது காணாமல் போய்விடும். தமிழில் 'நீங்கள்' இருக்கிறது; மொழிபெயர்ப்பவர்கள் அதைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தாலே அந்த உறவின் பாதி வந்துவிடும்.

எப்போது சரிகிறது

மியூன்ஸ்டர் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு. பலவீனமான படங்களில் நோய் ஒன்றுதான்: இரட்டையர் சண்டை கதையை விழுங்கிவிடுகிறது. இறந்தவர் யார் என்பது யாருக்கும் வலிக்காது. ஊர் அஞ்சலட்டைக் காட்சியாகக் குறைந்து, கோபுரம், ஏரி, சைக்கிள் என்று மூன்று ஷாட்டோடு நின்றுவிடும். கடைத்தெருவை எத்தனை முறை காட்டினாலும், கொலையானவரை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாதென்றால் அது மியூன்ஸ்டர் ஆகாது.

'ஃபாங்ஷுஸ்' அந்த வழியில் போகவில்லை. தீலின் மகளாகத் தான் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு ஓர் இளம்பெண் அவர் வாசலுக்கு வருகிறாள். ஊரில் வேரில்லாதவர் என்று பதினைந்து ஆண்டு காட்டப்பட்டவருக்குத் திடீரென்று சொந்தம் ஒன்று முளைக்கிறது. வரைபடத்தின் அடிப்படையையே அசைத்ததால் அந்தப் படத்துக்கு எடை வந்தது. 2020 நவம்பரில் வந்த 'லிம்புஸ்' இன்னும் துணிந்தது: போர்னெ விபத்தில் நினைவிழந்து கிடக்க, உயிருக்கும் சாவுக்கும் இடையிலான அலுவலகம் ஒன்றில் அலைகிறார். ஊரில் எல்லாரையும் தெரிந்தவரை ஊரில் யாருக்கும் தெரியாதபடி செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் அந்தப் படம். இரண்டிலுமே சோதனைக்கு உள்ளானது ஒரே விஷயம், யாருக்கு யாரைத் தெரியும் என்பது.

அதே ஊர், இன்னொருவர்

இதே ஊரில் இன்னொரு தொடரும் ஓடுகிறது என்பது இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஒப்பீட்டுச் சோதனை. இசட்.டி.எஃப்.-இன் 'வில்ஸ்பெர்க்', யூர்கன் கெஹ்ரரின் நாவல்களிலிருந்து 1995-இல் தொடங்கியது. 1998 முதல் லெயோனார்ட் லான்ஸிங்க் அந்த வேடத்தில். பழைய புத்தகக் கடை வைத்திருக்கும், எப்போதும் கையில் காசில்லாத தனியார் துப்பறிவாளர். அவருக்கு வேட்டைச் சங்கத்தில் அழைப்பு கிடையாது, பிண அறைக்குள் நுழைய உரிமையும் கிடையாது. ஆகவே அவருக்கு வேறு வாசல்: வருமானவரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் எக்கி. யாருக்கு எவ்வளவு வருமானம், எந்தக் கணக்கில் ஓட்டை என்பது எக்கியின் மேசையில் இருக்கிறது. வரி ரகசியத்தை வெளியிடுவது ஜெர்மனியில் தண்டனைக்குரிய குற்றம். அதனால் ஒவ்வொரு உதவியும் எக்கியின் வேலையையே பணயம் வைக்கிறது, நட்புக்கும் விலை கிடைக்கிறது. ஒரே ஊர், வேறு வாசல்கள், வேறு படம். இந்தத் தொடரின் ஒவ்வொரு படத்திலும் பக்கத்து நகரமான பீலெஃபெல்டின் பெயர் ஒருமுறையாவது வரும். அதைக் காத்திருந்து பிடிப்பது ரசிகர்களின் பழக்கம்.

'வில்ஸ்பெர்க்'கிலும் படப்பிடிப்பின் பெரும்பங்கு கொலோனில்தான். புத்தகக் கடையின் வெளிப்புறம் மட்டும் உண்மை: ஃபிராவன்ஷ்ட்ராஸெயில் நிஜமாகவே பழைய புத்தகம் விற்கும் கடை. மற்ற நாட்களில் புத்தகம் தேடி வருபவர்களும் படம் பார்த்து வருபவர்களும் அதே வாசலில் நிற்கிறார்கள். ஊரில் படப்பிடிப்பு இடங்களைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணங்களும் நடக்கின்றன. வழிகாட்டிகள் கடைத்தெருவையும் கோபுரத்தையும் ஏரியையும் காட்டிவிட்டு, தீல் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டிய சுவர் வரை அழைத்துப் போவார்கள். அந்தச் சுவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டிய அறைக்கு, அங்கிருந்து 150 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும்.